திருவனந்தபுரத்தில் மணி என்ன?



திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து பத்மநாப சுவாமி திருக்கோயிலை நோக்கி நடப்பவர்கள், பத்மதீர்த்தக் குளத்தருகே சற்று நின்று அண்ணாந்து பார்ப்பது வழக்கம். அங்கே ஓடு வேய்ந்த பழைய மாளிகை ஒன்றின் நெற்றியில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன்மேல் தாடி வைத்த ஒரு மனிதனின் முகம். அதற்கு இரு மருங்கிலும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி நிறைந்ததும் அம்மனிதன் வாயைத் திறக்கிறான். கடாக்கள் இரண்டும் பாய்ந்து வந்து அவன் கன்னங்களில் முட்டுகின்றன. ‘மேத்தன் மணி’ என்று ஊரார் வழங்கும் இக்கடிகாரம் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1840-ஐ ஒட்டி, நிறுவப்பட்டது. பழுதுபட்டும் பழுது பார்க்கப்பட்டும் நெடுங்காலம் கண்ட கருவி அது.

குழந்தைகளோடு செல்பவர்கள் மணி அடிக்கும்வரை நகரமாட்டார்கள். நானும் அவ்வாறு நின்றிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு எழும் ஐயம் வேறு. ஊருக்கு மணி சொல்லிற்று இந்தக் கடிகாரம், சரி. இந்தக் கடிகாரத்துக்கு மணி சொன்னவர் யார்? எந்தக் கடிகாரமும் தானாக மணியை அறியாது. யாரோ ஒருவர் ஒரு நாள் முள்ளைத் திருப்பி வைத்தார். அவர் எதைப் பார்த்துத் திருப்பினார்?

இக்கேள்வியைப் பின்பற்றிச் சென்றால், திருவனந்தபுரத்துக் குன்றொன்றின் மீதும், அகத்தியர் மலை உச்சியிலும், சென்னை நுங்கம்பாக்கத்திலும் சற்றே தங்கி, இறுதியில் இக்காலத்து அலுவலகம் ஒன்றில் கணிப்பொறிகள் சில தமக்குள் மணி ஒவ்வாமல் திணறிய இடத்துக்கு வந்து சேர்வோம். வழி சற்று நீளமே. இருந்தாலும் அந்த அலுவலகத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பே ஒரு மணிக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தமையால், வழியைச் சுருக்க எனக்கு மனமில்லை.

முற்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு மணி இருந்தது. கதிரவன் அந்த ஊரின் உச்சிக்கு வரும்போது அவ்வூரில் நண்பகல். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே கிழக்கே உள்ள ஊருக்கு உச்சிப் பொழுது முந்தியும், மேற்கே உள்ள ஊருக்குப் பிந்தியும் வரும். சென்னையைவிடத் திருவனந்தபுரம் மூன்று பாகைக்குச் சற்று மேலாக மேற்கே இருக்கிறது. எனவே சென்னையில் உச்சிவேளை ஆகிப் பதின்மூன்று நிமிடம் கழிந்த பின்னரே திருவனந்தபுரத்தில் உச்சிவேளை. இன்று நாம் கைக்கடிகாரத்தில் காணும் இந்திய நேரமோ, கிரீனிச்சுக்குக் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். திருவனந்தபுரத்துச் சூரியன் அதற்கு 22 நிமிடம் பின்தங்கியவன். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்பதை நினைத்துக்கொண்டால், அவ்வூர்க் கடிகாரங்கள் ஏறத்தாழ ஒரு நாழிகைப் பொய்யை நாள்தோறும் சொல்லிவருகின்றன எனலாம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தை மும்பையில் சுவரில் மாட்டி வைத்து, அதில் கண்டபடியே இராகு காலம் பார்ப்பவர்கள் உண்டு. மும்பையில் நண்பகல், சென்னைக்கு ஏறத்தாழ அரை மணி பிந்தியது. கொல்கத்தாவிலோ அரை மணி முந்தியது. ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் ‘இப்போது நல்ல நேரம்’ என்று சொன்னால், அது எந்த ஊர்ச் சூரியனின் நல்ல நேரம் என்று கேட்பதற்கு மருமகனுக்குத் துணிவு வேண்டும்!

நிற்க. 1837-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஒரு குன்றின் மீது வான ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. ஊரார் அதற்கு ‘நட்சத்திர பங்களா’ என்று பெயரிட்டார்கள். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அணி செய்த அவைக்கு உரியவரும், தாமே பெரும் இசைப் புலவருமான சுவாதித் திருநாள், விண்மீன்களிலும் அத்துணை ஆர்வம் கொண்டிருந்தார். ஆலப்புழையில் வாணிப முகவராக இருந்த ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு வானத்தை நோக்கிவருகிறார் என்று கேள்வியுற்று, அவரையே நிலையத்தின் தலைவராக அமர்த்தினார். மேத்தன் மணி நிறுவப்பட்டதிலும் கால்டிகாட்டின் மேற்பார்வை இருந்ததாகக் கூறுவர்.

இத்தகைய நிலையத்தில் மணி கண்டறியும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டியது. வடக்கு தெற்காக மட்டும் அசையுமாறு தூண்களில் பொருத்திய தொலைநோக்கி ஒன்று இருக்கும். அறிந்த நட்சத்திரம் ஒன்று அதன் நடுவிழையைக் கடக்கும் கணத்தில், அருகே உள்ள கடிகாரம் என்ன காட்டுகிறது என்று குறிக்க வேண்டும். அந்நட்சத்திரம் எப்போது கடக்க வேண்டும் என்பது அட்டவணையில் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கடிகாரத்தின் பிழை. நல்ல வானியலார் அதற்காகக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில்லை. முள்ளைத் தொடாமல் விட்டுவிட்டு, பிழையை மட்டும் ஏட்டில் எழுதுவார். ‘நேற்று இரண்டு விநாடி பின்; இன்று மூன்று விநாடி பின்’ என்று எழுதி வந்தால், நாளை எத்தனை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒழுங்காகத் தவறும் கடிகாரம் நல்ல கடிகாரமே. சரியாக இருந்துவிட்டு ஒருநாள் காரணமின்றித் துள்ளும் கடிகாரத்தைத்தான் நம்பக் கூடாது. இந்தப் பேதத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் பயன்படும்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் காஸ், வேபர் என்ற இரு பேரறிஞர்கள் பூமியின் காந்தவிசையை ஆராய்ந்துவந்தனர். காந்த ஊசி எப்போதும் வடக்கையே காட்டும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நாள் முழுவதும் மெல்ல மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கிறது. இந்நடுக்கம் ஓர் ஊருக்கு உரியதா, உலகம் முழுவதற்கும் பொதுவானதா? இதை அறிய ஒரே வழி, உலகின் பல மூலைகளில் பலர் ஒரே கணத்தில் ஊசியைப் பார்த்து எழுதுவதாகும். அதற்கென்று நாட்கள் குறிக்கப்பட்டன. அந்நாட்களில் எல்லா நிலையங்களும் தத்தம் ஊர் மணியை விட்டுவிட்டுக் கோட்டிங்கன் மணியைக் கொள்வது என்பது ஏற்பாடு. 1840-களில் பிரிட்டிஷ் நிலையங்களும் இம்முயற்சியில் சேர்ந்தபோது, திருவிதாங்கூர் மகாராஜாவின் செலவில் திருவனந்தபுரமும் சேர்ந்தது. காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அருகே செல்வதால், அங்கு எடுக்கும் கணக்குக்குத் தனி மதிப்பு இருந்தது. கோட்டிங்கனில் நண்பகலாகும்போது திருவனந்தபுரத்தில் மாலை 4 மணி 28 நிமிடம். வான்வழியோ கம்பிவழியோ செய்தி செல்லாத அக்காலத்தில், பல்லாயிரம் மைல் இடைவெளியில் இருவர் ஒரே கணத்தில் ஒரே செயலைச் செய்தது, இருவரும் தனித்தனியே நட்சத்திரத்தைப் பார்த்தமையால்தான். நட்சத்திரம் இருவருக்கும் பொது.

கால்டிகாட் 1849-இல் காலமானார். 1852-இல் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நிலையத் தலைவராக வந்தார். அவர் ஒரு விடாப்பிடியர். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் ஊசி நடுங்குவதுபோலவே மலையுச்சியிலும் நடுங்குமா என்று அறிய விரும்பினார். அதற்கு அவர் தேர்ந்த மலை எது தெரியுமா? தமிழ் முனிவர் வீற்றிருப்பதாக நம் முன்னோர் சொல்லிவந்த பொதிகையின் அகத்தியர் மலை! ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அதன் சிகரத்தில் 1855-இல் பிரவுன் ஒரு நிலையம் கட்டினார். யானைக் காடும் அட்டைகளும் ஓயாத மழையும் தாண்டிக் கருவிகள் மேலே சென்றன. கீழே திருவனந்தபுரத்திலும் மேலே அகத்தியர் மலையிலும் ஒரே வேளையில் கணக்கெடுப்பது திட்டம்.

இங்கேதான் தொல்லை. ஊசல் கடிகாரம் ஒன்றை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிச் சென்றால், அது தானே மெதுவாகும். உயரம் செல்லச் செல்லப் பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைகிறது. ஊசலின் வீச்சு தளர்கிறது. ஆறாயிரம் அடியில் நாளொன்றுக்கு இருபது விநாடி அளவுக்குக் கூடப் பின்தங்கலாம். குளிரும் ஈரமும் செய்யும் சேட்டைகள் தனி. ஆகவே மேலே உள்ளவன் கீழே ஒப்பிட்டு வைத்த கடிகாரத்தை மட்டும் நம்பியிருந்தால், சில நாளில் இரண்டு ஏடுகளும் வேறு வேறு கணங்களைப் பேசத் தொடங்கும். ஏட்டில் ‘காலை பத்து’ என்று இரண்டிலும் எழுதியிருக்கும்; ஆனால் அது ஒரே பத்தன்று.

பிரவுன் 1865 வரை உழைத்தார். திருவனந்தபுரத்துப் பொருட்காட்சிச் சாலையும் அவர் முயற்சியால் எழுந்ததே. அவருடைய ஆராய்ச்சியில் தலையாயது ஒன்று. பூமியின் காந்தவிசை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது ஓர் ஊரின் தனிச் செயலன்று. உலகின் வெவ்வேறு பாகங்களிலும் அது ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்கிறது. அவ்வேற்றத் தாழ்வில் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பும் ஒழுங்கு இருப்பதையும் அவர் கண்டு, சூரியன் தன்னைத்தானே சுழல்வதோடு அதைத் தொடர்புபடுத்தினார். சூரியனில் நிகழ்வது திருவனந்தபுரத்து ஊசியை அசைக்கிறது என்ற இந்த அறிவு, பல ஊர்க் கணக்குகளை ஒரே காலத்தில் வைத்து ஒப்பிட்டதால் கிடைத்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருத்தல் என்ற அதே காரணத்தால்தான் பிற்காலத்தில் அந்நகரை அடுத்த தும்பா ஏவுகணைத் தளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவுகணை அங்கிருந்து சென்று வானில் சோடியம் ஆவியைப் பரப்பியது. அத்தகைய ஆவி மேகத்தின் உயரத்தை அளக்க, வெவ்வேறு ஊர்களில் உள்ள ஒளிப்படக் கருவிகள் ஒரே கணத்தில் கண் திறக்க வேண்டும். கோட்டிங்கன் காலத்துத் தேவையே மீண்டும் வந்தது.

நட்சத்திரத்தைப் பார்க்க வானியலாரால் முடியும். புகைவண்டி நிலைய அதிபரால் முடியுமா? அவருக்கு யாராவது மணியை அனுப்ப வேண்டும். அனுப்பும் கதைக்கு நாம் சென்னைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வான ஆராய்ச்சி நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அதில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டும் உண்டு. அங்கே வானியலாராக இருந்த ஜான் கோல்டிங்காம், 1820, 1821-ஆம் ஆண்டுகளில் ஒரு வேடிக்கையான அளவையை மேற்கொண்டார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி முழங்கும். கோல்டிங்காம் நிலையத்தில் நின்று, பீரங்கியின் ஒளி கண்ணில் பட்டதற்கும் ஓசை காதில் விழுந்ததற்கும் இடையே கழிந்த விநாடிகளை எண்ணினார். கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்று மேல். அதன் ஓசைக்குப் பன்னிரண்டு விநாடி ஆயிற்று. பரங்கிமலை ஐந்தரை மைலுக்கு மேல். அதன் ஓசைக்கு ஏறத்தாழ இருபத்தாறு விநாடி. ஒலியின் வேகத்தை அறிவதே அவர் நோக்கம். ஆனால் அதே கணக்கை நாம் மறுபுறமிருந்து படிக்கலாம். கோட்டைப் பீரங்கியின் ஓசையைக் கேட்டுக் கடிகாரம் திருத்தும் நுங்கம்பாக்கத்தார் ஒருவர், நாள்தோறும் பன்னிரண்டு விநாடி பின்தங்கியே வாழ்வார். பீரங்கி முழங்கிய கணம் சரி. அவர் கடிகாரமும் நல்ல கடிகாரம். பிழை இரண்டிலும் இல்லை, இடைவழியில் இருக்கிறது.

தந்தி வந்த பின் இடைவழி வெகுவாகக் குறுகியது. 1870-ஐ ஒட்டி இந்தியப் புகைவண்டிகள் சென்னை மணியைக் கொண்டு ஓடத் தொடங்கின. நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்தின் அடையாளத் துடிப்பு தந்திக் கம்பி வழியே நாடெங்கும் சென்றது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டது சென்னை மணி என்பதே அதற்குக் கிடைத்த பெருமைக்குக் காரணம்.

கம்பி வழியும் முற்றிலும் கணப்பொழுதன்று; குறிப்பை அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் சிறிது தாமதிக்கும். நில அளவைத் துறையினர் ஊர்களின் தீர்க்கரேகையைத் தந்தியால் அளக்க முற்பட்டபோது இத்தாமதத்தை நீக்க அழகிய தந்திரம் ஒன்றைக் கையாண்டனர். கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரு குறிப்பு. மேற்கிலிருந்து கிழக்குக்கு மறு குறிப்பு. ஒன்றில் தாமதம் வேறுபாட்டைக் கூட்டும். மற்றதில் அதே தாமதம் அதைக் குறைக்கும். இரண்டின் சராசரியில் தாமதம் தானே ஒழிந்துபோகும். இவ்வாறு அளந்தபோது சென்னையின் தீர்க்கரேகையிலேயே பழைய கணக்கில் பிழை இருந்தது புலப்பட்டது! மணி சொன்னவருக்கே மணி திருத்த வேண்டியதாயிற்று.

1906 ஜனவரி முதல் நாள் 82½ பாகையின் நேரம் இந்தியாவின் பொது நேரமாயிற்று. கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. நினைவில் நிற்கும் எண். எளிதில் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பம்பாயில் ஆலைத் தொழிலாளர்கள், விடிவதற்குள் வேலைக்கு வரச் சொல்லும் சூழ்ச்சி இது என்று கிளர்ந்தனர். அவர்கள் சூரியனுக்கு அது 39 நிமிடம் முந்திய நேரம். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாயின் சில இடங்கள் 1955 வரையிலும் தங்கள் பழைய மணியை விடவில்லை. ஒரே தெருவில் இரண்டு கடிகாரங்கள் நாற்பது நிமிடம் பிணங்கி நின்ற காலத்தை அந்நகரத்து முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இனி அந்த அலுவலகத்துக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் நண்பர் ஒருவரின் சிறிய கணக்கு அலுவலகத்தில் ஆறு கணிப்பொறிகள் ஒரே வலைப்பின்னலில் இணைந்திருந்தன. ஐந்தில் ஊழியர்கள் வேலை செய்வார்கள். ஆறாவது மூலையில் திரையின்றி நிற்கும். எல்லோருடைய பதிவுகளையும் காத்து, எந்தப் பதிவு எத்தனை மணிக்குச் செய்யப்பட்டது என்று முத்திரையிடுவது அதன் வேலை. பாறசாலையிலிருந்து நாள்தோறும் புகைவண்டியில் வந்துபோகும் ஒரு பெண் அங்கே பணி செய்தாள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் ஒரு தொகை திருத்தப்பட்டிருந்தது. திருத்தியது அவள் பெயரில். நேரம் இரவு 8 மணி 40 நிமிடம். அலுவலகமோ ஆறு மணிக்குப் பூட்டப்படுவது.

“சார், நான் ஐந்தரைக்கே புறப்பட்டுவிட்டேன். வண்டி பிடித்து எட்டு மணிக்கு வீட்டில் இருந்தேன். வேண்டுமானால் எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்” என்றாள் அவள். நண்பர் நல்லவர்; ஆயினும் பொறி பொய் சொல்லாது என்ற நம்பிக்கை அவருக்கு உறுதியாக இருந்தது. கடவுச்சொல்லை வெளியார்க்குக் கொடுத்திருப்பாளோ என்ற ஐயம் அவர் மனத்தில் வேரூன்றிவிட்டது. அவளை நிறுத்திவிடலாமா என்று கேட்கவே என்னை அழைத்திருந்தார்.

அன்றைய பதிவுகள் அனைத்தையும் காட்டுமாறு கேட்டேன். அதுவரை எவரும் கேட்கவில்லை. ஐயத்துக்குரிய ஒன்றை மட்டுமே பார்த்திருந்தார்கள். நாளின் முதற்பதிவு பிற்பகல் 3 மணி 10 நிமிடத்தில் இருந்தது. ஒன்பதரைக்குத் திறக்கும் அலுவலகத்தில் முற்பகல் முழுவதும் ஒரு பதிவுகூட இல்லையா? மற்றோர் ஊழியர், வந்து அமர்ந்ததும் அந்தப் பதிவைத் தாமே செய்ததாக நினைவுகூர்ந்தார். ஒன்பதே முக்காலுக்குள் என்றார். 9 மணி 40 நிமிடத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் 3 மணி 10. இரவு 8 மணி 40-இல் ஐந்தரையைக் கழித்தால் அதே பிற்பகல் 3 மணி 10! நண்பரின் கைப்பேசியில் அத்தொகை குறித்து வங்கியிலிருந்து வந்த செய்தியும் அன்று மூன்று மணிக்குத்தான் வந்திருந்தது. காலைப் பதிவுகள் பிற்பகலில் விழுந்ததால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. பிற்பகல் பதிவு இரவில் விழுந்ததால் ஒரு பெண் குற்றவாளியானாள்.

ஐந்தரை மணி என்ற எண்ணைக் கண்டதும் பாதி நோய் புலப்பட்டுவிடும். கடிகாரம் தளர்ந்து ஓடினால் வேறுபாடு சில விநாடி, சில நிமிடம் என்று வளரும். ஐந்தரை மணி துல்லியமாக ஓடாது. இது ஓட்டப் பிழையன்று. எந்த ஊர் மணி என்ற குழப்பம். விசாரித்ததில் விவரம் தெரிந்தது. கணிப்பொறிக்குள் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. பொறி அணைந்திருக்கும்போதும் உள்கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். முந்தைய இரவு மின்சாரம் போயிற்று. மின்கலம் செத்திருந்தமையால் கடிகாரம் பழைய ஆண்டு ஒன்றுக்குப் போய்விட்டது. பழுது பார்க்க வந்தவர் புதிய மின்கலத்தை வைத்து, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைப் பதித்துச் சென்றார். அவர் பதித்தது இந்திய மணி. அப்பொறியின் இயங்குமுறையோ, உள்கடிகாரத்தில் இருப்பது கிரீனிச் மணி என்று கொள்வது. அதனோடு ஐந்தரையைக் கூட்டியே வெளியே சொல்லும். 1906-இல் வகுத்த எண் இரண்டு முறை கூட்டப்பட்டுவிட்டது.

வலைப்பின்னலில் இருக்கும் பொறி வெளியே கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளாதா என்று நேயர்கள் வினவலாம். திருத்திக்கொள்ளும், அதற்கென்று ஒரு நெறிமுறையே உண்டு. அமெரிக்கரான டேவிட் மில்ஸ் என்பவர் 1985-இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். அவர் 2024-இல் காலமானார். அதன் உட்பொருள் நம் நில அளவைத் துறையினரின் பழைய தந்திரமே. ஒரு பொறி தன் கடிகாரத்தில் 10 மணி 0 விநாடி என்று எழுதிக் கேள்வியை அனுப்புகிறது. மணி சொல்லும் பொறி அதை 10 மணி 7 விநாடிக்குப் பெற்று உடனே மறுமொழி தருகிறது. மறுமொழி வந்து சேரும்போது கேட்ட பொறியின் கடிகாரம் 10 மணி 2 விநாடி காட்டுகிறது. போய்வர இரண்டு விநாடி. ஆகவே வர ஒரு விநாடி. அப்படியானால் மறுமொழி வந்த கணம் உண்மையில் 10 மணி 8 விநாடி. கேட்ட பொறி ஆறு விநாடி பின்தங்கியது. நடைமுறையில் இவையெல்லாம் விநாடியின் ஆயிரத்தொரு கூறுகளில் நடக்கும். போகும் வழியும் வரும் வழியும் சம தாமதமுடையவை என்பது மட்டும் இதன் நம்பிக்கை. வழிகள் ஒவ்வாவிட்டால் அவ்வேறுபாட்டில் பாதி, பிழையாக நுழைந்துவிடும்.

இந்நெறிமுறையின்படி நடக்கும் பழைய நிரல் ஒன்றுக்கு ஓர் எச்சரிக்கைக் குணமும் உண்டு. சிறு வேறுபாடானால் கடிகாரத்தைத் துள்ளவிடாமல் மெல்ல மெல்ல இழுத்துச் சேர்க்கும். வேறுபாடு ஆயிரம் விநாடிக்கு, அதாவது 16 நிமிடம் 40 விநாடிக்கு மேற்பட்டால், ‘இங்கே ஏதோ பெரிய தவறு, மனிதன் வந்து பார்க்கட்டும்’ என்று தன் வேலையையே நிறுத்திவிடும். திருவனந்தபுரத்துச் சூரியனே வந்து மணி சொன்னாலும், 22 நிமிட வேறுபாட்டைக் கண்டு அது ஏற்க மறுக்கும்! மூலையில் நின்ற பொறியில் நடந்தது இதுவே. நிரல் எச்சரித்துவிட்டு நின்றுவிட்டது. எச்சரிக்கையைக் காட்டத் திரையில்லை.

அன்று மாலையே மற்ற ஐந்தையும் சோதித்தோம். ஒரு தாளில் ஒவ்வொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி, மறுநாளும் எழுதினோம். நட்சத்திர பங்களாவின் ஏட்டு முறைதான். மூன்று பொறிகள் சரி. இரண்டு ஒரு நிமிடம் அளவில் பின்தங்கி, நாளுக்கு ஒன்றரை விநாடி வீதம் மேலும் பின்தங்கிக்கொண்டிருந்தன. இது உண்மையான ஓட்டப் பிழை. கணிப்பொறியின் ஊசல் என்பது சிறு படிகக்கல். அதன் அதிர்வில் இலட்சத்தில் இரண்டு பங்கு பிழை நேர்ந்தாலும் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் விநாடி ஆகிவிடும். இவ்விரண்டும் வெளியே மணி கேட்கவே முடியாதபடி, காவல் நிரல் 123-ஆம் எண் வாயிலை அடைத்து வைத்திருந்தது. அந்தக் கேள்வியும் மறுமொழியும் செல்லும் வாயில் அதுதான். திறந்துவிட்டதும் சில நிமிடங்களில் இரண்டும் வழிக்கு வந்தன.

பிறகு ஓர் ஒழுங்கு செய்தோம். ஒரே ஒரு பொறி வெளியே மணி கேட்பது. மற்றவை அதைக் கேட்பது. வெளியே கேட்கும் பொறிக்கும் ஒருவரையன்றி நால்வரை மணி சொல்பவர்களாகக் காட்டினோம். இருவர் முரண்பட்டால் யார் தவறு என்று அறிய வழியில்லை. மூவரோ நால்வரோ இருந்தால் ஒருவன் பிசகியது தெரிந்துவிடும். முற்காலத்துக் கப்பல்களில் மூன்று கடிகாரங்கள் எடுத்துச் சென்றதன் காரணமும் இதுவே.

வானொலியைக் கேட்டுக் கைக்கடிகாரம் திருத்தும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. தில்லியிலிருந்து நேரே வரும் வானலை தென்கோடியை அடைய விநாடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. அதுவே விண்கோள் வழி ஏறி இறங்கினால் கால் விநாடி. கைப்பேசியில் இணைய வழி கேட்டால் பல விநாடிகள் பிந்தலாம். நுங்கம்பாக்கத்தில் நின்று கோட்டைப் பீரங்கியைக் கேட்டவர் நிலைதான்.

நண்பர் மறுநாள் காலையில் அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அவள் இன்றும் அங்கேதான் பணி செய்கிறாள். மூலையில் நிற்கும் பொறிக்கு மட்டும் ஒரு சிறிய திரை வாங்கி வைத்துவிட்டார். காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.